ஒட்மாரின் கேமரா

செம்மறிக் கிடாக்களின் போட்டி முடிந்து
தெற்குத் தீவிலிருந்து தோர்ஷாவன் திரும்பும் மாலைக் கப்பல்.
என் கம்பளிச் சட்டையில் இன்னும் கிடா வீச்சம்.
ஒன்பது மணிக்குள் படங்கள் வேண்டுமாம் சங்கத்துக்கு:
முன்பக்கம், பக்கவாட்டு, கொம்பின் சுருள்,
மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

கேமராவில் ஒரு பொத்தான்.
அழுத்தினால் அது தன் பங்குக்கு
ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும்,
இந்தச் சிற்றுண்டிக் கூடத்துக்குப் போதுமான அளவு.
கைப்பேசி ஊர் உலகத்தை விட்டுவிட்டு
அதோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
செயலிக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பட்டியலில் வந்து நின்றது, எப்போதும்போல,
'ஒட்மாரின் கேமரா'.

நான் ஒட்மார் இல்லை.
பழைய சாமான் கடையில்
ஆயிரத்து இருநூறு குரோனருக்கு வாங்கினேன்.
வாரும் மூடியும் கொடுத்தார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது.
மாற்றலாம்தான்.
மூன்று வருடமாய் நாளைக்கு நாளைக்கு என்றிருக்கிறேன்.

கைப்பேசி கேட்டது:
இந்த இணைப்பில் இணையம் கிடையாது. இருந்தும் தொடரவா?
தொடர் என்றேன்.

திரை அணைந்தால் எல்லாம் நின்றுவிடும்.
தூங்கி விழும் காவல்காரனைத் தட்டுவதுபோல்
தட்டிக்கொண்டே இருந்தேன்.
முப்பத்தேழாவது கிடா பாதி முகத்தோடு இறங்குகையில்
மூன்று மேசை தள்ளி ஒரு பெண் எழுந்தாள்.
கப்பலின் வைஃபையைத் தேடியிருக்கிறாள்.
கைப்பேசியை விளக்காய் ஏந்தி
ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்:
லாரி ஓட்டுநர்கள், சீட்டாடும் இரண்டு பையன்கள், நான்.

"இங்கே ஒட்மார் யார்?"

கேமராவைத் தூக்கிக் காட்டினேன், பிடிபட்டவளைப்போல.

அவள் தொடவில்லை.
"அடியில் கீறல் இருக்கிறதா?"
இருந்தது. 'ட' எழுத்தைப்போல.
"கடலில் விழுந்துவிட்டது என்றான்.
மேற்குப் பாறையில் அலை வந்து பிடுங்கிக்கொண்டதாம்.
அன்று ராத்திரி அவனுக்கு சூப் வைத்துக் கொடுத்தேன்.
துக்கம் கேட்க அவன் தம்பிகூட வந்தான்."

எதிரில் உட்கார்ந்தாள். பெயர் மர்யுன்.
"நீ எடுத்த முதல் படத்துக்கு என்ன எண்?"
இதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி.
தேடினேன். 6118.
என் சமையலறைக் கெண்டி, மங்கலாக.

"அப்படியானால் ஆறாயிரத்து நூற்றுப் பதினேழு," என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே சாண்டோய் தீவு
விளக்குகளை ஒவ்வொன்றாய்ப் பின்னுக்குத் தள்ளியது.
"எனக்குக் காட்டியது ஐம்பது இருக்கும்."

மிச்சம் பறவைகளாயிருக்கும் என்றேன்.
"இருக்கும்," என்றாள்.
"பறவைகளை அவனுக்குப் பிடிக்காது."

பேச்சில் தட்ட மறந்தேன்.
திரை அணைந்தது, அறுபத்தொன்றோடு இணைப்பு அறுந்தது.
மறுபடி பொத்தான், மறுபடி அந்தப் பெயர்,
மறுபடி அதே கேள்வி:
இந்த இணைப்பில் இணையம் கிடையாது. இருந்தும் தொடரவா?
தோள்மேல் எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.
"தேவாலயத்தில் எங்களை வேறு மாதிரி கேட்டார்கள்."

பிறகு அவளே தட்டினாள்,
ஒரு விரலால், துறைமுகம் வரும்வரை.
இருநூற்றுப் பதினான்கும் வந்து சேர்ந்தன.
பேட்டரியில் ஒரே ஒரு கோடு.

"அணைக்காதே," என்றாள். "என்னோடு கீழேவரை வா.
அழைத்துப்போக வந்திருப்பான்.
அதே பழைய கைப்பேசிதான் வைத்திருக்கிறான்.
ஒருமுறை சேர்ந்த இடத்தை அது மறக்காது,
கிட்டே வந்தால் கேட்காமலே போய்ச் சேர்ந்துகொள்ளும்."

பாலத்தின் முடிவில், மழையில்,
துடைப்பான் ஆடும் ஒரு சிவப்பு வண்டி.
உள்ளே ஒரு மோவாய்மீது கைப்பேசி வெளிச்சம்.
பத்தடி. ஆறடி.
கேமராவின் ஓரத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருந்த நீலப் புள்ளி
சிமிட்டுவதை நிறுத்தி
நிலையாக எரிந்தது.

வண்டிக்குள் ஒரு தலை நிமிர்ந்தது.

மர்யுன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து
பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.
வண்டி கிளம்பவில்லை.

ஒன்பதாக நான்கு நிமிடம்.
மழையில் நின்றுகொண்டிருந்தேன்,
அனுப்பாத கிடாக்களோடு.